மூக்கு வைத்தவன்

நாலு பேர் நடுவில் ஒருவன் அளந்த அளப்பு பொய்யென்று வெளிப்பட்டுவிட்டால், 'மூக்கறுபட்டுப் போனான்' என்கிறோம். சொல்லும்போது மூக்கைப் பற்றி நாம் நினைப்பதில்லை. அறுபட்டவனும் வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் பார்த்துக்கொள்வதில்லை. ஆனால் நிஜமாகவே மூக்கை அறுத்த காலம் ஒன்று இருந்தது. சூர்ப்பணகையின் கதையை விட்டுவிடுவோம். திருமலை நாயக்கரின் கடைசி நாட்களில், 1650-களில், மைசூர்ப் படை மதுரைச் சீமைக்குள் புகுந்து அகப்பட்டவர்களின் மூக்கை அறுத்து மூட்டை மூட்டையாக ஊருக்கு அனுப்பியது என்றும், பிறகு இந்தப் பக்கத்துப் படை அங்கே போய்ப் பதிலுக்குப் பதில் செய்தது என்றும் சரித்திரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். அதற்கு 'மூக்கறுப்புப் போர்' என்றே பெயர். உயிர் போனவன் ஒரு தரம்தான் சாகிறான். மூக்குப் போனவனோ தெருவில் கால் வைக்கும்போதெல்லாம் செத்துப் பிழைக்க வேண்டும். அறுக்கச் சொன்னவர்களுக்கு இந்தக் கணக்குத் தெரிந்தே இருந்தது.

சரி, அறுக்கிறவன் அறுத்துவிட்டான். திருப்பி வைக்கிறவன் யார்?

1794-ஆம் வருஷம் அக்டோபர் மாதம், லண்டனில் வெளிவந்துகொண்டிருந்த 'ஜென்டில்மேன்ஸ் மாகஸின்' என்ற பத்திரிகையில் ஒரு கடிதமும் ஒரு படமும் வெளியாயின. படத்தில் இருப்பவர் பெயர் கோவாஸ்ஜி. கேட்டால் பார்சிக்காரர் பெயர் போல இருக்கிறது. ஆனால் அவரை மராட்டிய உழவர் குலத்தவர் என்று கடிதம் சொல்கிறது. 1792-இல் முடிந்த மைசூர் யுத்தத்தில் ஆங்கிலேயர் படைக்கு மாடு ஓட்டப் போனவர் அவர். சண்டை போடப் போனவர் அல்ல. திப்புவின் ஆட்கள் கையில் சிக்கினார். மூக்கையும் ஒரு கையையும் வெட்டி அனுப்பிவிட்டார்கள். பகைவனுக்கு மாடு ஓட்டினால் இதுதான் கதி என்று மற்ற மாட்டுக்காரர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா? ஒரு வருஷத்துக்கு மேல் மூக்கில்லாமல் திரிந்த கோவாஸ்ஜிக்கு, புனாவுக்கு அருகே இருந்த ஒருவன் புது மூக்கு வைத்தான். அவனைப் பற்றிக் கடிதம் சொல்லும் அடையாளம் ஒன்றே ஒன்று: செங்கல் செய்யும் குலத்தைச் சேர்ந்தவன்.

நம் ஊரில் செங்கல் 'அறுப்பது' என்பார்கள். பகல் முழுதும் சேற்றை மிதித்துச் செங்கல் அறுக்கிற குலத்தில் பிறந்த ஒருவன், மனிதன் முகத்தில் கத்தி வைத்து அறுத்தான். எப்படி அறுத்தான் என்பதையும் கடிதம் ஒளிக்காமல் சொல்கிறது. பம்பாய் மாகாணத்து ஆங்கில வைத்தியர்கள் இருவர், தாமஸ் குரூஸோ, ஜேம்ஸ் ஃபிண்ட்லே என்பவர்கள், இந்தச் சிகிச்சையைக் கண்ணால் பார்த்தவர்கள்.

முதலில் மெழுகைத் தகடாகத் தட்டி, மிச்சமிருக்கும் மூக்கின் மேல் வைத்து, நல்ல மூக்கு ஒன்று வரும்படி பிடித்துக்கொள்வான். பிறகு அந்த மெழுகை எடுத்துத் தட்டையாக்கி நெற்றியில் ஒட்டி, அதைச் சுற்றிக் கோடு இழுப்பான். இப்போது மூக்குக்கு எவ்வளவு தோல் வேண்டும் என்ற அளவு நெற்றியில் எழுதியாயிற்று. தையற்காரன் துணி வெட்டுவதற்கு முன்னால் காகிதம் வெட்டி வைத்துக்கொள்வதில்லையா, அது மாதிரி. கோட்டின் வழியே நெற்றித் தோலை அறுத்து உரிப்பான். ஆனால் முழுதும் துண்டிக்க மாட்டான். இரண்டு புருவத்துக்கும் நடுவில் ஒரு சிறு வாலை விட்டுவைப்பான். அப்புறம் பழைய மூக்கின் ஆறிப்போன விளிம்பைச் சீவிப் பச்சைப் புண்ணாக்கி, அதை ஒட்டி ஒரு கீறல் கீறுவான். நெற்றித் தோலைக் கீழே மடக்கி இறக்கும்போது, வெளிப்பக்கம் வெளிப்பக்கமாகவே இருக்கும்படி அரை முறுக்கு முறுக்கி, ஓரங்களைக் கீறலுக்குள் செருகிவிடுவான்.

ஒட்டுவதற்கு என்ன தெரியுமா? காசுக்கட்டி. வெற்றிலை போடுகிறவர்கள் வாயில் அடக்கிக்கொள்கிற அதே காசுக்கட்டிதான். அதைத் தண்ணீரில் குழைத்துத் துணிக் கிழிசல்களில் தடவி, ஐந்தாறு கிழிசலை ஒன்றின் மேல் ஒன்றாக ஒட்டுவான். நாலு நாள் அதைத் தொடுவதில்லை. பிறகு நெய்யில் தோய்த்த துணி. நோயாளி ஐந்தாறு நாள் மல்லாந்தே படுத்திருக்க வேண்டும். பத்தாம் நாள் மூக்குத் துவாரம் அடைத்துக்கொள்ளாமல் இருக்க மெல்லிய துணியைத் திரித்து உள்ளே வைப்பான். இருபத்தைந்தாம் நாள் வாக்கில், புருவத்து நடுவே விட்டுவைத்த வாலை அறுத்துவிடுவான்.

இந்த வாலில்தான் சூட்சுமம் எல்லாம் இருக்கிறது. தோலை முற்றிலும் பிய்த்து எடுத்து வேறிடத்தில் வைத்தால், அந்தக் கனத் தோல் ரத்தம் இல்லாமல் கறுத்து அழுகிவிடும். பூந்தோட்டத்தில் மல்லிகைக்குப் பதியம் போடுகிறோமே, நினைத்துப் பாருங்கள். கொடியை வளைத்து மண்ணுக்குள் புதைக்கிறோம். தாய்ச் செடியிலிருந்து வெட்டுவதில்லை. புதைத்த இடத்தில் வேர் விடும்வரை தாய் அதற்குச் சோறு போடுகிறது. வேர் பிடித்தபின் வெட்டிவிடுகிறோம். புனாக்காரன் முகத்தில் போட்டது பதியம்தான். புதிய இடத்து ரத்தம் உள்ளே ஓட ஆரம்பித்த பிறகு பழைய தொடர்பை அறுத்தான். இருபத்தைந்து நாள் என்ற கணக்கு ஒரே நாளில் கிடைத்திருக்காது. அவசரப்பட்டு இருபதாம் நாளே அறுத்து எவனோ ஒருவனுக்கு மூக்கு அழுகியிருக்கும்; அதைப் பார்த்த எவனோ ஒருவன் மகனுக்குச் சொல்லியிருப்பான்.

மயக்க மருந்து அன்றைக்கு உலகத்தில் எங்கும் இல்லை. கிருமி என்ற பேச்சும் இல்லை. முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம்; அதனால் முகத்துக் காயம் மற்ற இடத்துக் காயத்தைவிடச் சுருக்க ஆறும். அந்த இயற்கை அவனுக்குத் துணை நின்றது. மீதி அவன் கை.

இனித்தான் என்னை உறுத்துகிற விஷயம். இந்தச் சம்பவத்தில் சம்பந்தப்பட்டவர்கள் பெயரையெல்லாம் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். மூக்கு இழந்தவர் பெயர் தெரியும். பார்த்த வைத்தியர்கள் இருவர் பெயரும் தெரியும். சிகிச்சை முடிந்து பத்து மாதம் கழித்து, 1794 ஜனவரியில், படம் எழுதிய ஓவியர் ஜேம்ஸ் வேல்ஸ். மூக்கை அறுக்கக் காரணமான சுல்தான் பெயரைச் சொல்லவே வேண்டாம். கடிதம் எழுதியவர்கூட இரண்டு எழுத்தைக் கீழே போட்டுக்கொண்டார். மூக்கு வைத்தவன் பெயர் மட்டும் இல்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான். கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

வெள்ளைக்காரர்கள் மேல் இதற்காகக் கோபித்துக்கொள்ள நமக்கு யோக்கியதை உண்டா என்று பார்த்தால், இல்லை. அவர்களாவது உட்கார்ந்து பார்த்து எழுதினார்கள். தலைமுறை தலைமுறையாகப் பக்கத்தில் இருந்த நம் பண்டிதர்கள் அதுகூடச் செய்ததாகத் தெரியவில்லை.

இத்தனைக்கும் இந்த வித்தை நம் ஏட்டில் இருந்ததுதான். சுசுருத சம்ஹிதையில் மூக்கு ஒட்டும் முறை சொல்லப்பட்டிருக்கிறது. ஓர் இலையை மூக்கின் அளவுக்கு நறுக்கி, அதை மாதிரியாக வைத்துக் கன்னத்துச் சதையை அறுத்து எடுத்து ஒட்டச் சொல்கிறது அது. மூச்சு விடுவதற்கு இரண்டு குழாய் செருகச் சொல்கிறது. சத்திர சிகிச்சை என்கிறோமே, அந்தச் 'சத்திரம்' சஸ்திரம் என்ற ஆயுதம்தான். (கிராமத்தில் ஒரு பெரியவர், 'சத்திரத்தில் வைத்துப் பார்க்கிற வைத்தியம்' என்று வெகு நாள் எண்ணிக்கொண்டிருந்தார். அந்த அர்த்தம் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது.) வெட்டுகிற சத்திரம் இருபது, பிடிக்கவும் இழுக்கவும் உதவுகிற யந்திரம் நூற்றொன்று என்று சுசுருதர் கணக்குச் சொல்கிறார். அந்த நூற்றொன்றிலும் தலையாயது எது என்றால், கை என்கிறார். கை இல்லாமல் மற்றவை எதுவும் நகராது என்பது அவர் கட்சி. மாணாக்கனுக்கு அவர் வைத்த பாடமும் கைக்கு வைத்த பாடமே. பூசணி, சுரை, வெள்ளரி இவற்றை அறுத்துப் பழக வேண்டும். தண்ணீரும் சேறும் நிரப்பிய தோல்பையைக் கீறிப் பழக வேண்டும். தாமரைத் தண்டைத் துளைத்து ரத்தக் குழாய்க்குப் பழக வேண்டும். செத்த உடலை ஓடும் நீரில் ஏழு நாள் ஊறவைத்து, அடுக்கு அடுக்காகத் தேய்த்து எடுத்து உள்ளே இருப்பதைப் பார்க்க வேண்டும். ஏட்டை மட்டும் படித்தவனும் உதவான், கை மட்டும் பழகியவனும் உதவான், ஒற்றைச் சிறகுப் பறவை இரண்டு பேரும் என்ற கருத்தையும் அந்த நூல் சொல்லியிருக்கிறது.

பிறகு சிறகு இரண்டும் தனித்தனியே போய்விட்டன. ஏடு ஒரு வீட்டில் தங்கியது. கை இன்னொரு தெருவுக்குக் குடி போயிற்று. பிணத்தைத் தொட்டால் தீட்டு, ரத்தத்தைத் தொட்டால் தீட்டு என்ற எண்ணம் வலுத்தது ஒரு காரணம் என்கிறார்கள் ஆராய்ந்தவர்கள். மனு ஸ்மிருதியில், யார் யார் கொடுத்த சோற்றைச் சாப்பிடக் கூடாது என்ற பட்டியலில் வைத்தியனும் இருக்கிறான். சோற்றைத் தொடாதவர்கள் கத்தியைத் தொடுவார்களா? புனாக்காரன் எடுத்தது நெற்றித் தோல், ஏட்டில் இருப்பது கன்னத் தோல். ஆகவே ஏட்டைப் பார்த்து அவன் செய்யவில்லை என்று நினைக்கிறேன். தகப்பன் கையைப் பார்த்துச் செய்தான். தகப்பன், பாட்டன் கையைப் பார்த்து. நடுவில் எவனோ ஒரு புண்ணியவான் கன்னத்தைவிட நெற்றி உசத்தி என்று கண்டுபிடித்திருக்கிறான். அவன் பெயரும் இல்லை.

தமிழ்நாட்டுக்கும் இது புதிது அல்ல. நாவிதர் குலத்துக்கு 'மருத்துவர்' என்ற பெயர் எப்படி வந்தது? கட்டியைக் கீறினவர்கள், புண்ணுக்கு மருந்து வைத்தவர்கள் அவர்கள். அந்த வீட்டுப் பெண்கள் பிரசவம் பார்த்தார்கள், அதனால் மருத்துவச்சி. என் பாட்டி தன் ஆறு பிள்ளைகளையும் ஒரே மருத்துவச்சியின் கையில்தான் பெற்றாள். மற்ற நாட்களில் கொல்லைப்புறத்தோடு நிற்க வேண்டிய அந்த அம்மாள், பிரசவ நாளில் மட்டும் நடுவீட்டுக்குள் வருவாளாம். குழந்தை அழுத பிறகு, அவள் நடந்த வழியெல்லாம் கழுவிவிடுவார்களாம். பாட்டி இதை ஒரு தவறாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். "நல்ல கை அவளுக்கு" என்றும் அதே மூச்சில் சொன்னாள்.

ஐரோப்பாவில் மட்டும் என்ன வாழ்ந்தது? அங்கேயும் இதே கதைதான், உடுப்பு வேறு. 1215-இல் கூடிய லாட்டரன் சபை, மேல்நிலைக் குருமார் யாரும் வெட்டுவது, சுடுவது போன்ற ரண சிகிச்சையில் கை வைக்கக் கூடாது என்று விதித்தது. பல்கலைக் கழகத்து வைத்தியர் நீண்ட அங்கி போட்டு, லத்தீனில் பேசி, நாடி பார்த்து, மருந்து எழுதிக் கொடுப்பார். வெட்டுகிற வேலை க்ஷவரக் கத்தி வைத்திருப்பவன் தலையில் விழுந்தது. இங்கிலாந்தில் நாவிதர்களுக்கும் ரண வைத்தியர்களுக்கும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கம். இன்றைக்கும் அந்த நாட்டில் சத்திர சிகிச்சை நிபுணரை 'டாக்டர்' என்று சொல்லாமல் 'மிஸ்டர்' என்கிறார்கள். ஒரு காலத்தில் இளப்பமாக வைத்த அடைமொழி. இப்போது அதை விட்டுக்கொடுக்க அவர்களுக்கு மனமில்லை!

அந்த நாவிதர் கூட்டத்தில் பிறந்த மாணிக்கம் ஆம்ப்ராய்ஸ் பாரே. பிரெஞ்சுக்காரர். நாவிதக் கடையில் பழகி, பாரிஸ் தரும ஆஸ்பத்திரியில் வேலை கற்று, 1537 வாக்கில் படையோடு இத்தாலிக்குப் போனார். இருபத்தைந்து வயதைத் தாண்டிச் சில வருஷங்கள்தான் இருக்கும். துப்பாக்கிக் காயம் விஷக் காயம், கொதிக்கும் எண்ணெயை அதில் ஊற்ற வேண்டும் என்பது அந்நாளைய பெரிய புத்தகத்தில் எழுதியிருந்த விதி. பாரேயும் ஊற்றினார். டூரின் பக்கத்துச் சண்டையில் காயம் பட்டவர்கள் அதிகமாகி, எண்ணெய் தீர்ந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் முட்டை மஞ்சட்கரு, ரோஜா எண்ணெய், டர்பன்டைன் மூன்றையும் குழைத்துப் பூசிவிட்டுப் படுத்தார். தூக்கம் வரவில்லை. எண்ணெய் ஊற்றாதவர்கள் எல்லோரும் விஷமேறிச் செத்துக் கிடப்பார்கள் என்ற பயம். விடியுமுன் எழுந்து ஓடினார். பார்த்தால், குழம்பு பூசியவர்கள் ஓரளவு நிம்மதியாகத் தூங்கி எழுந்திருக்கிறார்கள். விதிப்படி எண்ணெய் வாங்கியவர்கள் காய்ச்சலும் வீக்கமுமாகத் துடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதை நான் கதையாக எழுதியிருந்தால் அந்த இரவை இன்னும் நீட்டியிருப்பேன். புத்தகத்தை நம்புவதா, கண்ணை நம்புவதா என்று ஒரு மனிதன் புரண்டு படுத்த இரவு அது. பாரே கண்ணை நம்பினார். இனி யாரையும் அப்படிச் சுடுவதில்லை என்று முடிவு செய்தார். பிற்பாடு, கால் கை எடுக்கும்போது ரத்தத்தை நிறுத்தப் பழுக்கக் காய்ச்சிய இரும்பை வைப்பதற்குப் பதிலாக, குழாயை நூலால் கட்டும் முறையையும் கையாண்டார். அரசர்கள் அவரை அழைத்துக்கொண்டார்கள். ஆனால் 1575-இல் அவருடைய நூல்கள் மொத்தமாக வெளிவந்தபோது, பாரிஸ் வைத்தியக் கழகத்தார் எதிர்த்துக் கிளம்பினார்கள். குற்றங்களில் ஒன்று, லத்தீன் தெரியாத நாவிதன் பிரெஞ்சில் புத்தகம் எழுதிவிட்டான் என்பது. தாய்மொழியில் எழுதியது ஒரு குற்றமா என்று கேட்காதீர்கள். இங்கேயும் கேட்ட பேச்சுத்தான்.

பாரே தப்பித்துக்கொண்டார், எழுதினார். அதனால் அவர் பெயர் இருக்கிறது. புனாக்காரனுக்கு அந்த வழி இல்லை. அவன் வித்தையை எழுதியவர் வேறொருவர். லண்டனில் ஜோஸப் கார்ப்யூ என்ற ரண வைத்தியர் இந்த முறையைப் பற்றி அறிந்து, இந்தியாவில் இருந்துவிட்டு வந்தவர்களையெல்லாம் விசாரித்து, பிணங்களின் மேல் பலமுறை செய்து பார்த்தார். பத்திரிகைப் படம் வந்து சரியாக இருபது வருஷம் கழித்து, 1814 அக்டோபர் 23-ஆம் தேதி, ராணுவ அதிகாரி ஒருவருக்கு நெற்றித் தோலில் மூக்கு வைத்தார். பிறகு இன்னொருவருக்கும் வைத்தார். 1816-இல் புத்தகமாக வெளியிட்டார். ஐரோப்பாவில் மூக்கு ஒட்டும் வித்தையே அதுவரை இல்லாமல் இல்லை. பொலோனாவின் டாலியகோட்ஸி என்பவர், தோள்பட்டைக்குக் கீழே புஜத்துத் தோலை எடுத்து, கையை முகத்தோடு சேர்த்து வாரக்கணக்கில் கட்டிவைத்து மூக்குச் செய்யும் முறையை 1597-இலேயே புத்தகமாகப் போட்டிருந்தார். அது மறந்துபோயிருந்தது. கார்ப்யூவுக்குப் பிறகு நெற்றி முறை ஜெர்மனிக்குப் போயிற்று, எங்கும் பரவிற்று. 'இந்திய முறை' என்றே அதற்குப் பெயர் வைத்தார்கள். முதல் உலக யுத்தத்தில் முகம் சிதைந்து வந்த சிப்பாய்களுக்காக, 1917-இல் இங்கிலாந்தில் ஸிட்கப் என்ற இடத்தில் ஹரால்டு கில்லீஸ் தனி ஆஸ்பத்திரியே நடத்தினார். அங்கும் நெற்றித் தோல் மூக்காக இறங்கியது. புற்றுநோயால் மூக்கை எடுக்க நேர்ந்தவர்களுக்கு இன்றும் இதைத்தான் செய்கிறார்கள். முறையோடு 'இந்திய' என்ற சொல் ஒட்டிக்கொண்டு உலகம் சுற்றுகிறது. நாட்டின் பெயர் கிடைத்துவிட்டது. ஆளின் பெயர்?

மற்றதெல்லாம் சட்டென்று நடந்தது. 1846 அக்டோபரில் பாஸ்டன் நகரத்தில் ஈதர் கொடுத்து ஒரு கழுத்துக் கட்டியை எடுத்துக் காட்டினார்கள். இரண்டே மாதத்தில், லண்டனில் லிஸ்டன் ஈதர் கொடுத்து ஒரு காலை எடுத்தார். அதுவரை வேகம்தான் கெட்டிக்காரத்தனம்; இரண்டு மூன்று நிமிஷத்தில் கால் கீழே விழ வேண்டும். வலி போனதும் கத்திக்கு அவகாசம் கிடைத்தது. ஆனால் வலியில்லாமல் அறுபட்டவர்களும் புண் அழுகிச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கதையில் ஒரு துண்டு மட்டும் சொல்ல வேண்டும். வியன்னாவின் பிரசவ ஆஸ்பத்திரியில் இரண்டு பகுதி. ஒன்றில் பிரசவம் பார்த்தவர்கள் டாக்டர்களும் வைத்திய மாணவர்களும், மற்றதில் மருத்துவச்சிகள். ஜன்னியில் சாகும் தாய்மார் டாக்டர் பகுதியில் மிக அதிகம். ஊர்ப் பெண்களுக்கு இது தெரிந்து, மருத்துவச்சி பகுதியில் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். ஏன் இப்படி என்று உடைத்துப் பார்த்தவர் ஸெம்மல்வைஸ். டாக்டர்கள் காலையில் பிணத்தை அறுத்துவிட்டு அதே கையோடு பிரசவம் பார்க்க வந்தார்கள். 1847-இல், குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிவிட்டு வா என்றார். சாவு மளமளவென்று குறைந்தது. படித்த கையில் அழுக்கா என்று பெரியவர்களுக்குக் கோபம் வந்தது. அவர் பேச்சு எடுபடவில்லை. புத்தி கலங்கி, 1865 ஆகஸ்டு 13-ஆம் தேதி ஒரு பைத்திய விடுதியில் ரணம் அழுகிச் செத்தார். அதற்கு முதல் நாள்தான் கிளாஸ்கோவில் லிஸ்டர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து வெளியே வந்த பதினோரு வயதுப் பையனுக்குக் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த கட்டுப் போட்டார். பையன் காலோடு பிழைத்தான்.

பாட்டி வீட்டில் மருத்துவச்சி நடந்த தரையைக் கழுவினார்களே, அது இங்கே ஞாபகம் வருகிறது. கழுவ வேண்டியது எதை என்று நமக்கும் தெரியவில்லை, வியன்னாவுக்கும் தெரியவில்லை.

இன்று மூளைக்கு ஒருவர், இருதயத்துக்கு ஒருவர், கண்ணுக்குள்ளும் முன்பக்கத்துக்கு ஒருவர் பின்பக்கத்துக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு, வாசலில் பெயர்ப் பலகையும் பட்டங்களும் தொங்கவிட்டிருக்கிறார்கள். கையை இளப்பமாக நினைத்த காலம் வைத்தியத்தில் போய்விட்டது. அந்த மரியாதை வந்த பிறகு அந்த இடத்துக்குள் யார் நுழைய முடிந்தது, யார் முடியவில்லை என்பது வேறு கதை. செங்கல் சூளைக்காரன் மகன் அந்த வாசலைத் தாண்டுவதற்கு எத்தனை பரீட்சை எழுத வேண்டும், எத்தனை பணம் வேண்டும் என்று வாசகர்களுக்கே தெரியும்.

கல்லூரியில் நானும் தவளை அறுத்திருக்கிறேன். படம் போட்டு, பாகம் குறித்து, புத்தகத்தைத் தலைகீழாக ஒப்பிப்பேன். தவளையின் முன்னால் நின்றால் கை நடுங்கும். ஒரு நாள் இருதயத்துக்குப் போகும் குழாயைத் தேடுகிறேன் பேர்வழி என்று அதைக் கிழித்துவிட்டேன். தட்டு முழுதும் ரத்தம். பேராசிரியர் அடுத்த மேசையில் இருந்தார். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பிகள் கழுவும் அட்டெண்டர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் ஐந்தாவதோ ஆறாவதோ படித்தவர், சத்தமில்லாமல் என் பக்கம் வந்தார். இன்னொரு தவளையை எடுத்து நாலு ஊசி குத்தினார். கத்தரியின் நுனி எங்கேயும் நிற்காமல் ஒரே ஓட்டமாக ஓடியது. தோல் திறந்துகொண்டது, இருதயம் ஒரு பொட்டு ரத்தம் படாமல் துடித்துக்கொண்டிருந்தது. "பார்த்துக்கோ தம்பி, அவர் வர்றதுக்குள்ளே படத்தைப் போடு" என்று சொல்லிவிட்டுக் குப்பி கழுவப் போய்விட்டார். அந்தத் தவளைக்கு எனக்கு நல்ல மார்க்குக் கிடைத்தது.

இந்தக் கட்டுரையை எழுத ஆரம்பித்தபோது, அவரையும் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்று நினைத்தேன். இரண்டு நாளாக யோசித்துப் பார்க்கிறேன். எல்லோரும் அவரை 'அட்டெண்டர்' என்றுதான் கூப்பிட்டோம்.